அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் பணம்: கையெழுத்துப் போடும் முன்னும் பின்னும்

கல்லூரி அணியில் ஆடும் மாணவருக்குப் பணம் கொடுக்கலாமா கூடாதா என்ற வாதம் அமெரிக்காவில் இன்னும் ஓயவில்லை. பணமோ ஏற்கெனவே கைமாறத் தொடங்கிவிட்டது. 2021 ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை 1 முதல் கல்லூரியே தன் வருமானத்திலிருந்து நேரடியாகப் பங்கு கொடுக்கலாம். பதினெட்டு வயதுப் பிள்ளையின் மின்னஞ்சலுக்குப் பல பக்க ஒப்பந்தம் ஒன்று வருகிறது. இரண்டு நாளில் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். அந்த இரண்டு நாளில் என்ன பார்க்க வேண்டும், அதற்குப் பிறகு வருடம் முழுக்க எதைக் கவனிக்க வேண்டும் என்பதை வீரருக்கும் வீட்டாருக்கும் இங்கே சொல்கிறோம்.

எங்கள் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பணம் கொடுக்கத்தான் வேண்டும். மார்ச் மாத ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியின் ஒளிபரப்பை 2025 முதல் 2032 வரை நீட்டிக்க மட்டும் 880 கோடி டாலர் பேசப்பட்டது. அந்த ஆட்டத்தை ஆடுகிறவருக்கு அதில் எதுவும் கிடையாது என்பதற்கு நியாயமான காரணம் ஒன்றுமில்லை. 2021இல் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் தேசிய அமைப்பான என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பு படிப்பு சார்ந்த சலுகைகளைப் பற்றியது மட்டும்தான். ஆனாலும் ‘அமெச்சூர்’, அதாவது பணத்துக்காக ஆடாதவர், என்ற ஒரு சொல்லைக் காட்டி எல்லாவற்றையும் தடுக்கலாம் என்ற நம்பிக்கை அதோடு உடைந்தது.

பணம் வந்துவிட்டது, தொழிலாளி என்ற தகுதி மட்டும் வரவில்லை. இந்த வழிகாட்டியில் வரும் ஏறக்குறைய எல்லாச் சிக்கலுக்கும் வேர் இதுதான். 1955இல் கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, அமெரிக்க ஃபுட்பால்) ஆடிய ரே டென்னிசன் தலையில் அடிபட்டு இறந்தார். தொழிலாளர் இழப்பீடு கேட்டுப் போன அவர் மனைவிக்கு, அவர் கல்லூரியின் ஊழியர் இல்லை என்று 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இந்த மாதிரி இழப்பீட்டு வழக்குகள் வந்துகொண்டிருந்த அதே 1950களில்தான் வால்டர் பையர்ஸ் தலைமையிலான என்சிஏஏ ‘மாணவ வீரர்’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. 2014இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஃபுட்பால் வீரர்கள் சங்கம் வைக்க முயன்றபோது, தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் கடைசியில் அதில் தலையிட மறுத்தது. 2024 மார்ச்சில் டார்ட்மவுத் கூடைப்பந்து அணி 13-2 என்ற கணக்கில் சங்கத்துக்கு வாக்களித்தது. அந்த மனுவும் அந்த ஆண்டின் கடைசி நாளில் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே இன்றைக்குக் கல்லூரி கொடுக்கும் பங்கும் கடைக்காரர் கொடுக்கும் விளம்பரக் காசும் சட்டத்தின் கண்ணில் ஒரு சுயதொழில்காரருக்கு வரும் வருமானம். வரிப் பிடித்தம், காயத்துக்கு இழப்பீடு, வேலை போனால் உதவித்தொகை என ஒரு ஊழியருக்குத் தானாக நடக்கும் எதுவும் இதில் நடக்காது. எல்லாவற்றையும் வீரரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்தப் பணம், யார் கையிலிருந்து

ஒப்பந்தத்தைப் படிக்கும் முன், அதில் சொல்லியிருக்கும் பணம் எந்த வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள். வகைக்கு வகை விதி மாறும்.

ஸ்காலர்ஷிப் ஒன்று. கல்விக் கட்டணம், புத்தகம், தங்கும் இடம், சாப்பாடு, இதரச் செலவு எல்லாம் இதில் அடங்கும். ஆல்ஸ்டன் தீர்ப்புக்குப் பிறகு, படிப்பில் தேறியதற்காக வருடத்துக்கு 5,980 டாலர் வரை கல்லூரி தனியாகவும் கொடுக்கலாம்.

இரண்டாவது, வருமானப் பங்கு. என்சிஏஏவுக்கு எதிராக வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் 2025 ஜூன் 6 அன்று ஒப்புதல் கொடுத்ததிலிருந்து வந்தது இது. 2025-26 கல்வியாண்டில் ஒரு கல்லூரி எல்லா வீரர்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை கொடுக்கலாம். இது உச்சவரம்புதான். அவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்தக் கல்லூரிக்கும் கட்டாயமில்லை. ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் இந்த ஏற்பாட்டில் சேரவே இல்லை. சேர்ந்த கல்லூரிகளிலும் பெரும்பகுதி ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும்தான் போகிறது. நீச்சல், டென்னிஸ், தடகளம், கோல்ஃப் என்று ஆடும் பிள்ளைகளின் வீட்டார் இந்தத் தலைப்பில் பெரிய தொகையை எதிர்பார்த்துக் கணக்குப் போட வேண்டாம். அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இதே சமரசத்தில் ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பு போய், அணியின் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது. ஃபுட்பாலுக்கு 105, பேஸ்பாலுக்கு 34, ஆண்கள் கூடைப்பந்துக்கு 15. எனவே “அணியின் எண்ணிக்கைக்குள் எனக்கு இடம் உறுதியா, எத்தனை வருடத்துக்கு?” என்று பயிற்சியாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, வெளியார் கொடுக்கும் என்ஐஎல் பணம். பெயர், உருவம், சாயல் ஆகிய மூன்றின் பயன்பாட்டுக்கு ஒரு கடையோ நிறுவனமோ ரசிகர் குழுவோ கொடுப்பது. ஃபுட்பால் ஆடாதவர்களுக்கும் இதில் வாய்ப்பு உண்டு. 2021 ஜூலை 1, அனுமதி கிடைத்த முதல் நாளிலேயே ஃப்ரெஸ்னோ ஸ்டேட் கூடைப்பந்து வீராங்கனைகளான கேவிண்டர் இரட்டையர் ஒரு கைபேசிச் சேவை நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். சமூக ஊடகத்தில் அவர்களைத் தொடர்ந்த கூட்டம்தான் அவர்களுடைய பலம்.

கையெழுத்துக்கு முன்

முதல் வேலை, ஒப்பந்தத்தைக் கல்லூரியின் காம்ப்ளையன்ஸ் அலுவலகத்துக்கு, அதாவது விதிமீறல் நடக்காமல் பார்த்துக்கொள்ளும் பிரிவுக்கு, அனுப்புவது. மாநிலச் சட்டம், கல்லூரியின் ஸ்பான்சர் ஒப்பந்தம், என்சிஏஏ விதி ஆகிய மூன்றோடும் மோதுகிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். சூதாட்டம், மது, புகையிலை விளம்பரங்களைப் பல மாநிலங்கள் தடுக்கின்றன. அணியின் ஷூ ஒரு நிறுவனத்துடையதாக இருக்கும்போது, மைதானத்தில் வேறு நிறுவன ஷூவோடு படம் எடுத்துக் கொடுக்க முடியாது. கல்லூரியின் சின்னத்தையோ சீருடையையோ விளம்பரத்தில் காட்ட எழுத்து மூலமான அனுமதி வேண்டும். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். காம்ப்ளையன்ஸ் அலுவலகம் காப்பது கல்லூரியின் நலனை. ஒப்பந்தம் உங்களுக்கு லாபமா நஷ்டமா என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். கல்லூரியே ஒப்பந்தத்தின் மறுதரப்பாக இருக்கும் வருமானப் பங்கு விஷயத்தில், வெளி வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்தாவது படிக்கச் சொல்லுங்கள்.

ஏஜென்ட் வைத்துக்கொள்வதானால், அவர் உங்கள் மாநிலத்தில் பதிவு பெற்றவரா என்று மாநில அரசின் பதிவேட்டில் பாருங்கள். பல மாநிலங்களில் பதிவு கட்டாயம். தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லின் வீரர்கள் சங்கம், ஆட்ட ஒப்பந்தத்தில் ஏஜென்ட் 3 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. கல்லூரி வீரர்களுக்குச் சங்கம் இல்லாததால் நாடு முழுமைக்குமான அப்படி ஒரு வரம்பும் இல்லை. 20 சதவீதம் கேட்கும் ஏஜென்ட்டும் உண்டு. அவர் தேடிக் கொண்டுவந்த விளம்பரத்துக்கு மட்டும் தரகு, கல்லூரி கொடுக்கும் பங்குக்குத் தரகு கிடையாது அல்லது மிகக் குறைவு என்று பேசுங்கள். ஸ்காலர்ஷிப்பில் சதவீதம் கேட்டால் அவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

வாய்மொழி வாக்குறுதியைக் கணக்கில் எடுக்காதீர்கள். 2024 செப்டம்பரில் நெவாடா-லாஸ் வேகஸ் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்லூகா, மூன்று ஆட்டம் ஆடி மூன்றிலும் ஜெயித்த பிறகு அணியை விட்டு விலகினார். உதவிப் பயிற்சியாளர் 1,00,000 டாலர் தருவதாக வாயால் சொன்னார், வரவில்லை என்பது அவர் தரப்பு. அப்படி ஓர் ஒப்பந்தமே இல்லை என்பது மறுதரப்பு. எழுத்தில் எதுவும் இல்லாததால் அந்தப் பருவத்தின் மீதி ஆட்டங்கள் அவருக்குக் கிடைக்காமல் போயின. பயிற்சியாளர் தொலைபேசியில் ஒரு தொகையைச் சொன்னால், அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: “இன்று நீங்கள் சொன்னபடி இவ்வளவு தொகை, இந்தத் தேதியில், இவர் தருவார் என்று புரிந்துகொண்டேன். தவறிருந்தால் சொல்லுங்கள்.” அதற்கு என்ன பதில் வருகிறது, அல்லது பதிலே வராமல் இருக்கிறதா என்பதை வைத்தே அந்த வாக்கின் பலம் தெரிந்துவிடும்.

ஒப்பந்தத்தில் விரல் வைத்துப் படிக்க வேண்டிய வரிகள்

அவசரத்தில் கண்ணில் படாமல் போகிற வரி பெரும்பாலும் உரிமை பற்றியது. இப்படி இருக்கும்:

“வீரரின் பெயர், உருவம், சாயல், குரல் ஆகியவற்றை உலகெங்கும், தற்போதுள்ள மற்றும் இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும், நிரந்தரமாகப் பயன்படுத்தும் உரிமையை வீரர் நிறுவனத்துக்கு வழங்குகிறார்.”

500 டாலருக்கு இரண்டு பதிவு போட வந்த பிள்ளை, இந்த வரியால் தன் முகத்தை வாழ்நாள் முழுக்க எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். நாளைக்குத் தொழில்முறை அணியில் சேர்ந்து பெரிய நிறுவனம் ஒன்று தேடி வரும்போது, பழைய ஒப்பந்தத்தைக் காட்டி அந்த நிறுவனம் பின்வாங்கும். இதை மாற்றி எழுதக் கேளுங்கள்:

“இந்த ஒப்பந்தத்தின் கீழ் எடுக்கப்பட்ட படங்களையும் காணொளிகளையும் மட்டும், பின்னிணைப்பில் குறிப்பிட்ட ஊடகங்களில், ஒப்பந்தக் காலம் முடியும்வரை நிறுவனம் பயன்படுத்தலாம். அதன் பிறகு 30 நாட்களுக்குள் அவற்றை நீக்க வேண்டும். வீரரின் கல்லூரி ஆட்டத் தகுதி முடியும் நாளில் இந்த உரிமையும் முடிவடையும்.”

‘இனி வரப்போகும் ஊடகம்’ என்பதற்குள் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கும் போலிக் குரலும் போலி உருவமும் வந்துவிடும் என்பதால், அதைத் தனியே தடுத்து ஒரு வரி சேர்ப்பது நல்லது.

அடுத்து, ‘வேறு யாருக்கும் செய்யக் கூடாது’ என்ற பிரத்தியேக உரிமை. ‘உணவு, பானம்’ என்று அகலமாக எழுதியிருந்தால் ஒரு தண்ணீர் பாட்டில் விளம்பரம்கூடக் கைவிட்டுப் போகும். ‘எனர்ஜி டிரிங்க்’ என்று சுருக்கச் சொல்லுங்கள்.

பணம் வரும் தேதியும் தெளிவாக இருக்க வேண்டும். ‘வேலை முடிந்து திருப்தி ஏற்பட்ட பின்’ என்பது தேதி ஆகாது. எத்தனை பதிவு, எத்தனை மணி நேரம், எத்தனை முறை திருத்தித் தர வேண்டும், பயணச் செலவு யாருடையது என்பதையும் எண்ணிக்கையாகவே எழுத வேண்டும். தேர்வு வாரத்திலும் ஆட்ட நாளிலும் கூப்பிடக் கூடாது என்று ஒரு வரி கேட்டால் யாரும் மறுப்பதில்லை. கேட்காமல் விட்டால்தான் மாட்டிக்கொள்வது.

வருமானப் பங்கு ஒப்பந்தத்தில் மூன்று கேள்விகள் முக்கியம். காயம் பட்டால் பணம் நிற்குமா? பயிற்சியாளர் மாறினால் கல்லூரி ஒப்பந்தத்தை முறிக்கலாமா? வேறு கல்லூரிக்கு மாறினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்? மூன்றாவதில்தான் பெரிய அடி விழுகிறது. இரண்டு வருட ஒப்பந்தத்தில் ஆறு மாதம் ஆடிவிட்டுப் போனால் மீதி பதினெட்டு மாதத் தொகை முழுவதையும் கட்டு என்று சில ஒப்பந்தங்கள் கேட்கின்றன. இன்னும் கைக்கே வராத பணத்தை ‘திருப்பிக்’ கொடுக்கும் நிலை அது. வாங்கிய பணத்தில், ஆடாத மாதங்களுக்கான பங்கை மட்டும் திருப்பித் தருவதாக மாற்றக் கேளுங்கள்.

எதிர்காலச் சம்பளத்தில் பங்கு கேட்கும் ஒப்பந்தங்களைப் பற்றி ஒரு கணக்கு. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் ஆடிய ஜெர்வான் டெக்ஸ்டர் 2022இல் 4,36,485 டாலர் வாங்கிக்கொண்டு, என்எஃப்எல்லில் சேர்ந்தால் 25 வருடத்துக்குத் தன் வரிக்கு முந்தைய வருமானத்தில் 15 சதவீதம் தருவதாகக் கையெழுத்திட்டார். அடுத்த வருடமே அதை ரத்து செய்யக் கேட்டு நீதிமன்றம் போனார். 15 சதவீதம் என்றால், சுமார் 29 லட்சம் டாலர் சம்பளம் கைக்கு வந்ததுமே வாங்கிய கடன் அடைந்துவிடும். அதற்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு டாலரிலும் 15 சென்ட் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும். ‘முன்பணம்’ என்று எந்தப் பெயரில் வந்தாலும் இந்த வகுத்தல் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தொகையைச் சதவீதத்தால் வகுத்தால் போதும்.

பதிவு செய்தல்

என்சிஏஏவின் மேல்மட்டப் பிரிவான டிவிஷன் 1இல் ஆடும் வீரர் வெளியாரோடு போடும் ஒப்பந்தம் 600 டாலர் அல்லது அதற்கு மேல் என்றால், ஐந்து வேலை நாட்களுக்குள் ‘என்ஐஎல் கோ’ தளத்தில் பதிய வேண்டும். அதை டெலாய்ட் என்ற தணிக்கை நிறுவனம் நடத்துகிறது. முடிவுகளை அமல்படுத்துவது காலேஜ் ஸ்போர்ட்ஸ் கமிஷன். ஒரே ஆளிடமிருந்து 200 டாலராக மூன்று முறை வாங்கினாலும் கூட்டினால் 600 ஆகிவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பணம் கொடுப்பவர் கல்லூரியோடு தொடர்புள்ளவர், அதாவது பூஸ்டர் (அணிக்குப் பணம் கொடுத்து ஆதரிப்பவர்), கலெக்டிவ் (வீரர்களுக்காகப் பணம் திரட்டும் ரசிகர் குழு) போன்றவர் என்றால் இரண்டு சோதனை உண்டு. உண்மையான வியாபாரக் காரணம் இருக்கிறதா? தொகை, அதே நிலையில் உள்ள மற்றவர்களுக்குக் கிடைப்பதோடு ஒத்துப்போகிறதா? ஒப்பந்தங்கள் தடைபடுவது பெரும்பாலும் முதல் சோதனையில். ‘வீரரின் உரிமைகளை வாங்குகிறோம், எப்படிப் பயன்படுத்துவது என்று பிறகு சொல்கிறோம்’ என்று இருந்தால் அது விளம்பரமாகக் கருதப்படாது. எந்தப் பொருள், எந்த நிகழ்ச்சி, எந்தத் தேதி என்று ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். அனுமதி வராவிட்டால் திருத்தி மறுபடி அனுப்பலாம், ரத்து செய்யலாம், நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அனுமதி வரும்வரை பணத்தைத் தொட வேண்டாம். ஆட்டத் தகுதியே போகலாம். அதனால் ஒப்பந்தத்தில் ‘என்ஐஎல் கோ அனுமதி கிடைத்த பின்பே இது அமலுக்கு வரும்’ என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

சமூக ஊடகப் பதிவில், இது பணம் வாங்கிச் செய்த விளம்பரம் என்று தொடக்கத்திலேயே தெரிய வேண்டும். ‘மேலும்’ என்று அழுத்தினால் மட்டும் தெரிகிற இடத்தில் ஒளித்து வைத்தால் மத்திய வர்த்தக ஆணையத்தின் விதிக்கு அது போதாது.

வரி

மிகப் பலர் தடுக்கி விழும் இடம் இது. பணம் முழுசாக வங்கிக் கணக்கில் வந்து நிற்கிறது. பிடித்தம் எதுவும் இல்லை. பிள்ளை செலவழித்துவிடுகிறது. அடுத்த ஏப்ரலில் கணக்கு வருகிறது.

சுயதொழில் நிகர வருமானம் வருடத்துக்கு 400 டாலரைத் தொட்டாலே மத்திய வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். பணம் கொடுத்தவர் அதைத் தெரிவித்து அனுப்பும் 1099 படிவம் வந்ததா இல்லையா என்பது இதில் பொருட்டே இல்லை. 2026 முதல் கொடுக்கப்படும் பணத்துக்கு அந்தப் படிவம் அனுப்ப வேண்டிய வரம்பு 600 டாலரிலிருந்து 2,000 டாலருக்கு உயர்ந்திருக்கிறது. அதனால் படிவம் வராத வருமானம் இனி கூடும். படிவம் இல்லாவிட்டாலும் வரி உண்டு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2025இல் ஒரு வீராங்கனைக்கு என்ஐஎல் வழியாக 17,500 டாலர் வந்தது. ஏஜென்ட் தரகு, படம் எடுக்க வாங்கிய விளக்கு, பயணம் என்று தொழில் செலவு 1,500. நிகரம் 16,000. சுயதொழில் வரி இதில் 92.35 சதவீதத்தின் மேல், 15.3 சதவீதம். 16,000-ஐ 0.9235ஆல் பெருக்கினால் 14,776. அதில் 15.3 சதவீதம் 2,261 டாலர். வருமான வரியோ வேறு வருமானம் இல்லையென்றால் பூஜ்யம். வரி போடும் முன் எல்லோருக்கும் கழித்துவிடும் நிலையான கழிவே அதை விழுங்கிவிடும். ‘சின்ன வருமானம்தானே, வரி வராது’ என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும்போது வந்து நிற்பது இந்த 2,261. ஓய்வூதியத்துக்கான சமூகப் பாதுகாப்பு, முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் இரண்டுக்கும் முதலாளி பாதி, ஊழியர் பாதி என்று கட்டுவதுதான் வழக்கம். இங்கே முதலாளி என்று யாரும் இல்லாததால் இரண்டு பாதியும் வீரர் தலையில்.

பொருளாக வருவதும் வருமானம். கார் விற்பனையாளர் மாதம் 600 டாலர் மதிப்புள்ள காரை ஒரு வருடம் ஓட்டக் கொடுத்தால், 7,200 டாலர் வருமானம் வந்ததாகக் கணக்கு. கையில் ஒரு டாலர்கூட வராமலே சுயதொழில் வரி மட்டும் ஏறத்தாழ 1,017 டாலர். எனவே கார், உடை, உணவு என்று தருபவரிடம் வரிக்கான ரொக்கத்தையும் சேர்த்துக் கேளுங்கள். ஸ்காலர்ஷிப்பில் தங்கும் இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் போகிற பகுதியும் வரிக்குரிய வருமானமே. கல்விக் கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் போவதற்கு வரி இல்லை.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். என்ஐஎல் பணத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு திறந்து, ஒவ்வொரு முறை பணம் வரும்போதும் அன்றே 30 சதவீதத்தைச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றுங்கள். பெரிய தொகை என்றால், மாநில வருமான வரியும் அதிகமான இடம் என்றால், 40 வரை போகலாம். வருடத்தில் 1,000 டாலருக்கு மேல் வரி வரும் என்று தெரிந்தால் ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, மறு வருடம் ஜனவரி 15 என்று நான்கு தவணையாகக் கட்ட வேண்டும். முந்தைய வருடம் வரியே இல்லாதவருக்கு முதல் வருடத்தில் தவணை தவறியதற்கான அபராதம் இல்லை. ஆனால் முழுத் தொகையும் ஏப்ரல் 15க்குள் போய்ச் சேர வேண்டும். இந்த முதல் வருடச் சலுகையை நம்பி இரண்டாம் வருடமும் விட்டுவிடுகிறவர்கள்தான் அபராதம் கட்டுகிறார்கள்.

எடுத்த எடுப்பில் எல்எல்சி என்ற சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கச் சொல்வார்கள். ஒரே ஆள் வைத்திருக்கும் எல்எல்சியால் மத்திய வரி தானாகக் குறைவதில்லை. கலிஃபோர்னியாவில் அதற்கு வருடத்துக்குக் குறைந்தது 800 டாலர் மாநிலத்துக்குக் கட்ட வேண்டியிருக்கும். சில ஆயிரம் டாலர் வருமானத்துக்கு அது வீண்.

விசாவில் இருப்பவர்கள்

எஃப்-1 விசாவில் இருக்கும் மாணவருக்குக் கல்லூரி வளாகத்துக்கு வெளியே அனுமதியில்லாமல் வேலை செய்ய உரிமை இல்லை. சுயதொழிலும் வேலைதான். ஒரு கடைத் திறப்பு விழாவுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு 300 டாலர் வாங்கினாலும் விசா நிலை போகக்கூடும். என்சிஏஏ அனுமதிக்கிறது, கல்லூரி அனுமதிக்கிறது என்பதெல்லாம் குடியேற்றச் சட்டத்தின் முன் நிற்காது. பெற்றோரின் எச்-1பி வழியாக எச்-4இல் இருக்கும் பிள்ளைகளுக்கும் இதே தடை. கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருந்து, அதன் பேரில் வேலை அனுமதி அட்டை கையில் இருந்தால் மட்டும் நிலைமை வேறு.

சொந்த நாட்டிலோ வேறு நாட்டிலோ இருக்கும்போது செய்யும் வேலை அமெரிக்காவுக்குள் செய்த வேலை ஆகாது என்பது பலர் பயன்படுத்தும் வழி. 2022 ஆகஸ்டில் கென்டக்கி கூடைப்பந்து அணி பஹாமாஸ் சென்றபோது, காங்கோவைச் சேர்ந்த ஆஸ்கர் ஷீப்வே தன் விளம்பர வேலைகளை அங்கே செய்துகொண்டார். அங்கே எடுத்த படத்தை அமெரிக்காவுக்குத் திரும்பிய பின் தன் கணக்கில் தானே பதிவிடுவது வேலையா என்ற கேள்வி வரும் என்பதால், பதிவிடுவதையும் வெளிநாட்டில் இருக்கும்போதே முடித்துவிடுவது பாதுகாப்பு. கல்லூரி தரும் வருமானப் பங்கை எஃப்-1 மாணவர் வாங்கலாமா என்பதிலும் தெளிவான விதி இல்லை. குடியேற்ற வழக்கறிஞரின் கருத்து எழுத்தில் கிடைக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலரிடம் போய்ப் பேசும் முன்பே வழக்கறிஞரிடம் பேசிவிடுவது இன்னும் நல்லது. ஏற்கெனவே நடந்த மீறலை அந்த அலுவலர் காதில் போட்டால், பதிவு செய்ய வேண்டிய கடமை அவருக்கு உண்டு.

கல்வி உதவியும் காயமும்

மத்திய அரசின் பெல் கிராண்ட் போன்ற, வீட்டு வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் உதவி வாங்கும் வீட்டில், என்ஐஎல் வருமானம் இரண்டு வருடம் தள்ளி வந்து இடிக்கும். 2027-28க்கான எஃப்ஏஎஃப்எஸ்ஏ என்ற கல்வி உதவி விண்ணப்பம் 2025 வருமானத்தைப் பார்க்கிறது. அப்போது வீரர் காயத்தால் சம்பாத்தியமே இல்லாமல் இருக்கலாம். அந்த நிலையில் கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்தில் வருமானம் குறைந்ததற்கான ஆதாரத்தோடு மறுபரிசீலனை கேட்கலாம். ஆனால் அது அவர்கள் முடிவு.

2024 ஆகஸ்ட் முதல் டிவிஷன் 1 கல்லூரிகள், ஆட்டத்தால் வந்த காயத்துக்கு, மாணவர் வெளியேறிய பிறகும் குறைந்தது இரண்டு வருடம் மருத்துவச் செலவை ஏற்க வேண்டும். முழங்கால் அறுவைச் சிகிச்சை ஒன்றைச் சில வருடம் கழித்து மறுபடி செய்ய வேண்டி வருவது சகஜம். அதனால் இரண்டு வருடம் போதாது. அணியை விட்டுப் போகும்போது நடத்தும் மருத்துவப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்காமல் போய், வலிக்கிற ஒவ்வொரு மூட்டையும் சொல்லிப் பதிய வைத்து, அறிக்கையின் நகலையும் ஸ்கேன் படங்களையும் கேட்டு வாங்குங்கள். சின்ன வலி என்று சொல்லாமல் விட்டது பிறகு ‘ஆட்டத்தால் வந்ததல்ல’ என்று ஆகிவிடும்.

அதே வாரத்தில் எல்லா என்ஐஎல் ஒப்பந்தங்களையும் எடுத்து, எது எப்போது முடிகிறது என்று பாருங்கள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஒப்பந்தங்களுக்கு 30 அல்லது 60 நாள் முன்பே எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டியிருக்கும். ஏஜென்ட் ஒப்பந்தமும் இதில் அடக்கம். கல்லூரி மின்னஞ்சல் முகவரி மூடப்படும் முன் ஒப்பந்தங்கள், அனுமதிக் கடிதங்கள், ரசீதுகள் எல்லாவற்றையும் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வரித் தாள்களைத் தாக்கல் செய்த நாளிலிருந்து குறைந்தது மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும்.